சீக்கிரம் போய்ச் சேர என்ன வழி? சென்னையில் தினமும் ஓடுகிறவர்களின் கேள்விகள்

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கும், பெரம்பூரிலிருந்து சோழிங்கநல்லூருக்கும், ஆவடியிலிருந்து அண்ணா சாலைக்கும் தினமும் போய்வருகிறவர்கள் விடாமல் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஐந்து நிமிடமாவது குறைக்க முடியுமா? சில இடங்களில் முடியும். பெரும்பாலும் நாம் முயல்கிற இடங்களில் முடியாது.

வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்?

எந்த வேகத்திலிருந்து எந்த வேகத்துக்கு என்பதைப் பொறுத்தது. 10 கி.மீ. தூரத்தை வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 30 நிமிடம் ஆகும். அதையே 30-ல் போனால் 20 நிமிடம். பத்து நிமிடம் லாபம். 40-லிருந்து 50-க்குப் போனால் 15 நிமிடம் 12 ஆகும், லாபம் மூன்றே நிமிடம். 60-லிருந்து 70-க்கு ஏற்றினால் ஒன்றரை நிமிடம்கூடக் கிடைக்காது. 70-லிருந்து 80 என்றால் ஒரு நிமிடமும் சில நொடிகளும்.

ஒவ்வொரு முறையும் கூட்டியது அதே பத்துதான். பலன் மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர். மெதுவான வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் கிடைக்கும் நேரத்தை மனிதர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள், அதிவேகத்தை இன்னும் கூட்டினால் கிடைப்பதை மிகைப்படுத்திக்கொள்கிறார்கள் என்று அவர் காட்டினார். ஸ்பீடோமீட்டர் முள் ஏறும்போது நேரமும் அதே அளவுக்குக் குறைவதாக மனசு கணக்குப் போட்டுவிடுகிறது.

ஆக, காலியாகக் கிடைக்கும் மேம்பாலத்தில் 75-ல் பறப்பவருக்குக் கிடைப்பது நொடிகள். நிமிடங்கள் இருப்பது வண்டி 10-லும் 15-லும் ஊர்கிற இடத்தில். அங்கே ஆக்சிலரேட்டரை முறுக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை.

சிக்னல் விழுந்த பிறகு தாண்டிப் போய்விட்டால்?

இதையும் கணக்காகவே பார்க்கலாம். ஒரு சிக்னலின் முழுச் சுற்று 120 நொடி, அதில் உங்கள் பக்கத்துக்குப் பச்சை 50 நொடி என்று வையுங்கள். எப்போது போய்ச் சேர்வோம் என்று சொல்ல முடியாத நிலையில், ஒரு சிக்னலுக்குச் சராசரியாக 20 நொடி நிற்க வேண்டிவரும். வழியில் பத்து சிக்னல் இருந்து, பத்தையும் மதிக்காமல் ஒருவர் போனாலும் மூன்றரை நிமிடத்துக்குள்தான் மிச்சம். வரிசை நீண்டு, ஒரே பச்சையில் எல்லோரும் கடக்க முடியாத இடங்களில் காத்திருப்பு இதைவிடக் கூடும், உண்மைதான். ஆனால் வண்டிகள் முட்டிமோதி நிற்கும் அப்படிப்பட்ட இடத்தில் சிவப்பைத் தாண்டிப் பாயவும் வழி இருக்காது.

தாண்டிப் போனவரை அடுத்த சிக்னலில் பார்ப்பது நமக்கெல்லாம் பழக்கமான காட்சி. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, சிவப்பு விளக்கைத் தாண்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதும் அதே பிரிவில்தான் வரும்.

பக்கத்து வரிசை மட்டும் எப்போதும் நகர்கிறதே, ஏன்? நான் மாறினால் அது நின்றுவிடுகிறது.

உங்கள் ராசி அல்ல. ரெடல்மையர், டிப்ஷிராணி என்ற இரண்டு கனடிய ஆய்வாளர்கள் 1999-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார்கள். இரண்டு வரிசைகளும் ஒரே சராசரி வேகத்தில் போனாலும், பக்கத்து வரிசைதான் வேகமாகப் போவதாக ஓட்டுபவருக்குத் தோன்றும் என்றார்கள்.

நம் வரிசை நகரும்போது நாம் பல வண்டிகளைச் சட்டென்று தாண்டிவிடுகிறோம். அது சில நொடிகளில் முடிந்துவிடும், தாண்டிய வண்டிகளும் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும். நம் வரிசை நிற்கும்போதோ, பக்கத்து வரிசை ஒன்று ஒன்றாக நம்மைக் கடந்து போகிறது. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், கடந்து போனவையும் கண்ணெதிரிலேயே நிற்கின்றன. ஆக, தாண்டிய எண்ணிக்கையும் தாண்டப்பட்ட எண்ணிக்கையும் சமமாக இருந்தாலும், தோற்றுக்கொண்டிருக்கும் உணர்வுதான் அதிக நேரம் நம்மோடு இருக்கிறது.

தாம்பரம் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில் வரிசை என்ற ஒன்றே ஒரு சம்பிரதாயம்தான் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. வளைந்து நெளிந்து போகிற டூவீலர்காரர் காரைவிட முன்னால் போவதும் நிஜம். அந்த நியாயம் டூவீலருக்கு மட்டும்தான். கார்காரர் கட் அடிப்பதால் பின்னால் வருகிற நாலு பேர் பிரேக் போடுகிறார்கள், அந்தப் பிரேக் பின்னோக்கி அலையாக ஓடி, அரை கி.மீ. தள்ளி இருப்பவரைக் காரணமே தெரியாமல் நிறுத்திவைக்கிறது.

40-க்கும் 60-க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? இரண்டுமே நகர வேகம்தானே?

திடீரென்று யாராவது குறுக்கே வந்தால், மூளை அதைப் புரிந்துகொண்டு கை பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும் என்று வையுங்கள். 40-ல் போகிறவர் அதற்குள் சுமார் 17 மீட்டர் போயிருப்பார். உலர்ந்த சாலை, நல்ல டயர் என்றால் மேலும் ஒரு 10 மீட்டரில் நின்றுவிடுவார். மொத்தம் 27 மீட்டர். 60-ல் வருகிறவர் அந்த ஒன்றரை நொடியிலேயே 25 மீட்டர் போய்விடுகிறார். அதாவது, முதல் வண்டி ஏறக்குறைய நின்றுவிட்ட இடத்தில்தான் இரண்டாவது வண்டி பிரேக் பிடிக்கவே ஆரம்பிக்கிறது. குறுக்கே வந்த குழந்தை 30 மீட்டர் தள்ளி இருந்தால், 40-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரியது. மழை பெய்து, ரோட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. பத்தில் ஏழு மரணங்களுக்கு மேல் அதிவேகம் என்ற தலைப்பின்கீழ் பதிவாகியுள்ளன. இறந்தவர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. போலீஸ் பதிவில் அதிவேகம் என்று எழுதுவது எளிது, சாலை வடிவமைப்பின் குற்றம் அதற்குள் மறைந்துபோகும் என்ற விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. இருந்தாலும் மேலே சொன்ன 27 மீட்டர் கணக்கை யாரும் மாற்ற முடியாது.

சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் அறிவித்த வேக வரம்பு: கார்களுக்கு 60, டூவீலர்களுக்கும் கனரக வாகனங்களுக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதிக்குள் எந்த வண்டியானாலும் 30. கடைசி எண்ணைத்தான் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

ராங் சைடில் 200 மீட்டர் போனால் வேலை முடிந்தது. யூ-டர்ன் எடுக்க ஒரு கி.மீ. போய் வரச் சொல்கிறார்களே?

இந்த ஒரு கேள்வியில் கணக்கு விதியை மீறுகிறவர் பக்கம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். யூ-டர்ன் 800 மீட்டர் தள்ளி இருந்தால், போய்வர 1.6 கி.மீ.; 30 கி.மீ. வேகத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல். சிக்னலைத் தாண்டியோ முறுக்கிப் பறந்தோ கிடைக்காத மூன்று நிமிடம் இங்கே நிஜமாகவே கிடைக்கிறது. அதனால்தான் தலைக்கவசம் ஒழுங்காகப் போடுகிற, சிக்னலில் ஒழுங்காக நிற்கிற மனிதர்கள்கூட ராங் சைடில் வருகிறார்கள்.

நடுத் தடுப்பை நீளமாக அடைத்துவிட்டு, யூ-டர்னைத் தள்ளித் தள்ளி வைத்தால் நேர்வழிப் போக்குவரத்து சீராகும் என்று திட்டமிடுகிறார்கள். காரில் நீண்ட தூரம் போகிறவருக்கு அது வசதி. எதிர்ச்சாரியில் இருக்கிற மளிகைக்கடைக்குப் போகிறவருக்கும், அந்தப் பக்கத்து பஸ் ஸ்டாப்புக்கு ரோட்டைக் கடக்கிறவருக்கும் அதன் செலவு விழுகிறது. அபராதம் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. எந்த இடத்தில் தினமும் நூறு பேர் ஒரே தப்பைச் செய்கிறார்களோ, அந்த இடத்தில் ஒரு திறப்போ நடைபாதைக் கடவோ தேவைப்படுகிறது என்று படித்துக்கொள்ளவும் வேண்டும்.

பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்கிறார்கள். நான் நின்றால் மட்டும் இருபது நிமிடம் ஆகிறது.

பத்து நிமிடத்துக்கு ஒன்று என்பது சராசரி. நெரிசலில் முன் பஸ் தாமதமாகி, பின் பஸ் அதைப் பிடித்துவிடுகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அதற்குப் பிறகு இருபது நிமிடம் ஒன்றும் வராது. டிப்போவின் ஏட்டில் இருபது நிமிடத்துக்கு இரண்டு பஸ், சராசரி சரியாகவே இருக்கும். ஸ்டாப்பில் நிற்கிற நமக்கோ, சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடமாக இருக்க வேண்டியது பத்தாகிவிடுகிறது. ஏனென்றால் நாம் போய் நிற்பது பெரும்பாலும் அந்த நீண்ட இடைவெளிக்குள்தான். குட்டி இடைவெளியில் போய் மாட்டிக்கொள்ளும் பாக்கியம் குறைவு.

இன்னொன்று. நிற்கிற ஒரு நிமிடம் ஓடுகிற ஒரு நிமிடத்தைவிடக் கனமானது. போக்குவரத்துத் திட்டமிடுகிறவர்களே காத்திருக்கும் நேரத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக எண்ணித்தான் கணக்குப் போடுகிறார்கள். பஸ்ஸை வேகமாக ஓட்டுவதைவிட இடைவெளி பிசகாமல் விடுவது பயணிக்குப் பெரிய லாபம் என்பது இதிலிருந்தே வருகிறது. அடுத்த பஸ் ஏழு நிமிடத்தில் என்று போனில் தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும். டீ குடிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கலாமே.

இலவசப் பிங்க் பஸ்ஸுக்காக இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கும் பெண்களைப் பார்க்கிறேன். நேரம் வீணாகவில்லையா?

நேரத்தின் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. டீலக்ஸும் ஏசியும் முன்னால் வந்தாலும், இலவசப் பஸ்ஸுக்காக நிற்கிறவர் பதினைந்து நிமிடம் கொடுத்து இருபதோ முப்பதோ ரூபாயை மிச்சம் பிடிக்கிறார். வீட்டு வேலைக்கு மூன்று வீடு போகிற ஒருவருக்கு அந்த முப்பது ரூபாய் மாதக் கடைசியில் ஒரு சிலிண்டரின் பெரும்பகுதி. கேப் பிடித்துப் போகிறவர் பணத்தைக் கொடுத்து நிமிடம் வாங்குகிறார், இவர் நிமிடத்தைக் கொடுத்துப் பணம் வாங்குகிறார். வியாபாரம் இரண்டு பக்கமும் புத்திசாலித்தனமானதுதான். சாதாரணப் பஸ்ஸின் எண்ணிக்கையைக் கூட்டினால் அவர் இரண்டில் எதையும் இழக்க வேண்டியதில்லை.

அவசரம் என்றாலே பொறுமையின்மை என்று பேசுகிறவர்கள், கைரேகை மெஷினில் ஐந்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளம் போகிற வேலைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். ஓடிவந்து பஸ்ஸில் தொங்குகிறவரின் அவசரத்தை உண்டாக்கியது அவர் அல்ல.

எலெக்ட்ரிக் ட்ரெயினில் நேரத்தை எங்கே குறைக்கலாம்?

இரண்டு முனைகளில். ட்ரெயின் ஓடும் நேரம் உங்கள் கையில் இல்லை, ஸ்டேஷனுக்குள் நுழைவதும் வெளியேறுவதும் இருக்கின்றன. இறங்க வேண்டிய ஸ்டேஷனில் படிக்கட்டுக்கு எதிரே எந்தப் பெட்டி நிற்கும் என்று தினமும் போகிறவர்களுக்குத் தெரியும். ஏறும்போதே அந்தப் பெட்டிக்கு நேராக நின்றால், மறுமுனையில் கூட்டத்துக்குள் மிதந்து வெளியேறும் மூன்று நான்கு நிமிடம் மிச்சம். சீசன் டிக்கெட்டோ, போனில் எடுத்த டிக்கெட்டோ கவுண்டர் வரிசையைத் தவிர்க்கும். மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் சிங்காரச் சென்னை கார்டைத் தட்டினால் சில்லறைத் தகராறு இல்லை. ஃபாஸ்ட் லோக்கல் வருகிற நேரத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வதும் உதவும். கேட்க அற்பமாக இருக்கும் விஷயங்கள்தான். ஆனால் 60-லிருந்து 70-க்குப் போய்க் கிடைத்த ஒன்றரை நிமிடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தண்டவாளத்தைத் தாண்டிப் போவதைப் பற்றியும் கேட்கிறார்கள். மேம்பாலம் ஏறி இறங்க மூன்று நிமிடம் ஆகும் என்பது உண்மை. ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் அதற்கு ஆறு மாதம் வரை சிறையும் ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதும் பலருக்குத் தெரியும், தெரிந்தும் தாண்டுகிறார்கள். பீச்–தாம்பரம் இடையே லோக்கல் தடங்களுக்குப் பக்கத்திலேயே எக்ஸ்பிரஸ் ஓடும் தடங்களும் இருக்கின்றன. ஒரு ட்ரெயின் போனதும் அதன் சத்தத்திலேயே அடுத்தது வருவது கேட்காது. காதில் ஹெட்போனும் இருந்தால் முடிந்தது.

ஃபுட்போர்டும் அப்படித்தான். 2018 ஜூலையில் பரங்கிமலை ஸ்டேஷனில், வழக்கமான தடத்தில் போக வேண்டிய ட்ரெயின் விரைவுத் தடத்தில் விடப்பட்டது. தொங்கிக்கொண்டு போனவர்கள் பிளாட்பாரத்தை ஒட்டிய கான்கிரீட் சுவரில் மோதி இறந்தார்கள். தினமும் தொங்கிப் பழகியவருக்கு எந்தக் கம்பம் எங்கே வரும் என்பது அத்துப்படி; தடம் மாறிய அன்று அந்தப் பழக்கத்துக்கு மதிப்பில்லை.

எஸ்கலேட்டரில் ஒரு பக்கத்தை நடப்பவர்களுக்கு விடவேண்டும் என்கிறார்களே?

உங்களுக்கு அவசரம் என்றால் நடந்தால் சீக்கிரம் போவீர்கள். கூட்டம் மொத்தமும் சீக்கிரம் போகாது. லண்டன் சுரங்க ரயிலின் ஹோல்போர்ன் நிலையத்தில் 2015-ன் கடைசியில் ஒரு சோதனை நடத்தினார்கள்: இரண்டு பக்கமும் எல்லோரும் நிற்க வேண்டும், நடக்கக் கூடாது. நீளமான எஸ்கலேட்டரில் ஏறி நடக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் நடக்கிற பக்கம் பாதி காலியாகவே ஓடும். இரண்டு பக்கமும் நின்றபோது ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலான மக்கள் மேலே போனார்கள். லண்டன்காரர்கள் கடுப்பாகிவிட்டார்கள் என்பது வேறு கதை.

மேப் மூன்று நிமிடம் குறைவு என்று சந்துக்குள் போகச் சொல்கிறது. போகலாமா?

முக்கால்வாசி நேரம் வேண்டாம். மூன்று நிமிட லாபம் என்பது ஒரு தண்ணி லாரி குறுக்கே நின்றால் காணாமல் போகிற தொகை. பிரதான சாலையில் நாற்பது நிமிடமோ நாற்பத்தைந்தோ என்று ஓரளவு சொல்லிவிடலாம். சந்தில் முப்பத்தேழும் ஆகலாம், ஐம்பத்தைந்தும் ஆகலாம். தினமும் ஒரே நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவருக்குச் சராசரியைவிட அந்த மேல் எண்தான் முக்கியம். பஞ்ச் அடிப்பது அதை வைத்துத்தானே.

சந்துக்குள் பள்ளிக்கூடம் இருக்கும், கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். மேப் சொன்னதைக் கேட்டு நூறு வண்டி புகுந்தால், அந்தத் தெருவாசிகள் கொடுக்கிற நேரமும் தூக்கமும் எந்தச் செயலியின் கணக்கிலும் வராது.

அப்படியானால் எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்?

இந்தப் பக்கத்தில் உண்மையாகப் பலன் தரும் ஒரே பதில் இதற்குத்தான் இருக்கிறது, அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

கத்திப்பாரா போன்ற ஓர் இடுக்கில் நிமிடத்துக்கு 60 வண்டி கடக்க முடியும், காலை ஏழரைக்குப் பிறகு நிமிடத்துக்கு 75 வண்டி வந்து சேர்கிறது என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் 15 வண்டி வரிசையில் கூடும். அந்த 15 வண்டி கடக்கக் கால் நிமிடம். ஆகவே நீங்கள் ஒரு நிமிடம் தாமதமாகப் போனால், ஒன்றேகால் நிமிடம் தாமதமாகத்தான் வெளியே வருவீர்கள். இருபது நிமிடம் தாமதித்தால் இருபத்தைந்து. திருப்பிப் படித்தால், வீட்டிலிருந்து இருபது நிமிடம் முன்னால் கிளம்பினால் பயணமே ஐந்து நிமிடம் சுருங்குகிறது. எந்தச் சிக்னலையும் தாண்டாமல், யாரையும் கட் அடிக்காமல் கிடைக்கிற ஐந்து நிமிடம். வழியில் அப்படிப்பட்ட இடுக்கு இரண்டு மூன்று இருந்தால் லாபமும் அந்த அளவுக்குக் கூடும். மறுமுனையிலும் அப்படியே: நெரிசல் கரையத் தொடங்கிய பிறகு போனால் வரிசை ஒவ்வொரு நிமிடமும் உங்களுக்குச் சாதகமாகச் சுருங்கும்.

முடியாதவர்கள் உண்டு. பள்ளி வேன் எட்டேகாலுக்கு வரும், மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், மோட்டார் போட்டு டாங்க் நிரம்ப வேண்டும். காலை நேரத்தைத் தள்ளிப்போட முடிகிறவர் பெரும்பாலும் வீட்டில் வேறு யாரோ அடுப்படியில் நிற்பதால்தான் முடிகிறவர். அலுவலகங்கள் எல்லாம் ஒன்பதரைக்கே தொடங்க வேண்டும் என்று சட்டமில்லை. பாதிப் பேரைப் பத்தரைக்கு வரச்சொன்னால், ஒரு மேம்பாலத்தின் வேலையை ஒரு சுற்றறிக்கை செய்துவிடும். அதை நிர்வாகத்திடம் கேட்பவர்கள் மிகக் குறைவு.

கார் வாங்கினால் சீக்கிரம் போகலாமா?

சென்னை நெரிசலில் டூவீலரைவிட மெதுவாகத்தான். பார்க்கிங் தேடும் நேரம் தனி. 1970-களில் இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் வேறொரு கணக்கைப் போட்டார்: காருக்காகச் சம்பாதிக்கும் நேரத்தையும் பயண நேரத்தோடு சேர்க்க வேண்டும் என்றார். நம் ஊருக்குப் போட்டுப் பார்ப்போம். தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து மாதம் 15,000. உங்கள் சம்பளம் மணிக்கு 300 ரூபாய் வீதம் வருகிறது. காருக்காக மட்டும் 50 மணிநேரம் உழைக்கிறீர்கள். மாதம் 500 கி.மீ. ஓட்ட, மணிக்கு 20 வீதம் 25 மணிநேரம். மொத்தம் 75 மணிநேரத்தில் 500 கி.மீ.; வேகம் மணிக்கு ஏழு கி.மீ.கூட இல்லை. சைக்கிள் முந்திவிடும்.

மழையில் வயதான அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக கார் வேண்டும் என்றால் வாங்குங்கள். அது வேகத்துக்காக வாங்குவதல்ல.

இத்தனை பாலம் கட்டியும் ஏன் அதே ஒரு மணிநேரம்?

இத்தாலிய இயற்பியலாளர் சேஸரே மார்க்கெட்டி 1994-ல் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்: நகரம் எதுவானாலும், காலம் எதுவானாலும், மனிதர்கள் ஒரு நாளைக்குப் போய்வரச் சராசரியாக ஒரு மணிநேரம்தான் செலவிடுகிறார்கள். வாகனம் வேகமானால் நேரத்தை மிச்சம் பிடிப்பதில்லை, இன்னும் தள்ளிப்போய்க் குடியேறுகிறார்கள். சென்னையின் வரலாறு இதற்குக் கைவசம் இருக்கும் சாட்சி. 1895-ல் இங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது, 1953-ல் நின்றது. 1931-ல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் வந்தது. தண்டவாளம் போன வழியே பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் ஊர்ந்து நகரமாயின. இன்றைக்குக் கூடுவாஞ்சேரியிலும் மறைமலைநகரிலும் மனை வாங்குகிறவர், ட்ரெயின் கொடுத்த வேகத்தைத் தூரமாக மாற்றிக்கொள்கிறார். ஒரு மணிநேரத்திலேயே நின்றிருந்தால் பரவாயில்லை, நம்மில் பலர் அந்த எல்லையையும் தாண்டிவிட்டோம்.

சாலையை அகலமாக்கினால் புதிய வண்டிகள் வந்து நிரம்பிவிடும் என்பதற்கு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தைச் சொல்வார்கள். அங்கே கேட்டி நெடுஞ்சாலையைச் சில இடங்களில் இருபதுக்கு மேற்பட்ட வழித்தடங்களாக 2008-ல் விரித்தார்கள். சில வருடங்களிலேயே பீக் அவர் பயண நேரம் மறுபடியும் ஏறத் தொடங்கியது. எதிர் உதாரணம் சியோல்: நகர நடுவே ஓடிய உயர்மட்டச் சாலையை இடித்துவிட்டு, அதன் கீழே புதைந்திருந்த சியோங்கேச்சியோன் ஓடையை 2005-ல் மீட்டார்கள். நகரம் ஸ்தம்பித்துப் போகவில்லை. பலர் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மாறினார்கள், சிலர் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

பத்து நிமிட டெலிவரி மட்டும் எப்படி முடிகிறது?

கிடங்கை உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பதால். தூரம்தான் குறைந்திருக்கிறது. ஆனால் அன்றைக்கு இத்தனை ஆர்டர் முடித்தால்தான் ஊக்கத்தொகை என்று இருக்கும்வரை, ஓட்டுகிற பையனுக்கு ஒவ்வொரு சிக்னலும் ரூபாயாகத்தான் தெரியும். கொத்தமல்லிக் கட்டு இருபத்தைந்து நிமிடத்தில் வந்தாலும் ரசம் ஆறிப்போகாது.

வேகமாகப் போயே ஆக வேண்டிய பயணம் என்று ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் 108 ஆம்புலன்ஸ். அதற்கு வழிவிடாவிட்டால் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதம். வழிவிட்ட கையோடு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நெரிசலைக் கடப்பவர்களுக்கும் ஏதாவது ஒரு பிரிவு எழுத வேண்டும்.

பயணமே இல்லாமல் வீட்டிலிருந்தே வேலை பார்த்தால்?

அதுவும் எல்லோருக்கும் பிடிப்பதில்லை. சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், வேலைக்குப் போக எவ்வளவு நேரம் இருந்தால் நல்லது என்று கேட்டபோது, மக்கள் சொன்னதன் சராசரி சுமார் 16 நிமிடம். பூஜ்யம் கேட்டவர்கள் மிகச் சிலர். வீட்டுக்கும் மேனேஜருக்கும் நடுவே கொஞ்சம் தூரம் வேண்டியிருக்கிறது.

மெட்ரோ இரண்டாம் கட்டம் முடிந்தால் என் பயணம் குறையுமா? அதை நம்பி இப்போதே வீடு மாறலாமா?

கிட்டத்தட்ட 119 கி.மீ., மூன்று வழித்தடங்கள்: மாதவரம்–சிப்காட், கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சோழிங்கநல்லூர். முழுதும் ஓடத் தொடங்கினால் பலருக்கு நிச்சயம் குறையும். யாருக்கு எவ்வளவு என்பதை மெட்ரோவின் வேகம் தீர்மானிக்காது, வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே இருக்கிற கடைசி ஒரு கி.மீ. தீர்மானிக்கும். வெளியூர் பஸ்களைக் கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மாற்றியபோது இதைப் பார்த்தோம். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த அந்த முனையம் பெரியது, பக்கத்திலேயே ரயில் தடமும் போகிறது; பையும் குழந்தையுமாக இறங்கியவர்களுக்கு அங்கிருந்து நகரத்துக்குள் வருவதுதான் ஊர்ப் பயணத்தின் சிரமமான பகுதியாக மாறியது.

ஆகவே வீட்டுத் தரகர் ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம் என்றால், அது பைக்கில் ஐந்து நிமிடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலைநாள் காலை எட்டரைக்கு, முடிந்தால் ஐப்பசி கார்த்திகையில், அந்தத் தெருவிலிருந்து ஸ்டேஷன் வாசல் வரை நடந்து பாருங்கள். நடைபாதை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, இரவு ஒன்பது மணிக்கு உங்கள் மகள் அதே வழியில் தனியாக வர முடியுமா, ஷேர் ஆட்டோ நிற்கும் இடம் எது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.